ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பிரான்ஸ் தேசத்தில், பாரிஸ் பட்டணத்துக்குத் தெற்கே, போந்தேன்புளோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 2022-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி அந்த ஊரில் நடந்த ஏலத்தில் சீன தேசத்துப் பூஜாடி ஒன்று விலை கூறப்பட்டது. உயரம் 54 சென்டிமீட்டர், அதாவது ஒன்றே முக்கால் அடி. உருண்டு திரண்ட வயிறு. அதன்மேல் குழல்போல நீண்ட கழுத்து. வெள்ளைத் தரையில் நீலத்தில் தீட்டிய டிராகன்களும் மேகங்களும். அதன் சொந்தக்காரர் கடல் கடந்து வசிப்பவர். பிரிட்டனி மாகாணத்திலிருந்த குடும்ப வீட்டுச் சாமான்களை ஒழித்தபோது அகப்பட்ட இந்த ஜாடியை நேரில் பார்க்காமலே விற்கச் சொல்லிவிட்டார். ஏலக்காரர்களின் நிபுணர் அதைப் பரிசோதித்து, "20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, 1,500 யூரோவிலிருந்து 2,000 யூரோ வரை போகலாம்" என்று மதிப்பிட்டார். போனது 77 லட்சம் யூரோவுக்கு! ஏலக் கட்டணங்களையும் சேர்த்தால் 91 லட்சத்துக்கு மேல்.

இந்தச் சமாச்சாரம் பத்திரிகைகளில் வந்த அன்று உலகத்தில் எத்தனை குடும்பங்கள் பரண்மீது ஏணி வைத்து ஏறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் கதையின் சுவாரஸ்யமான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஜாடி 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எண்ணிய சீனச் செல்வர்கள் போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். நிபுணரோ தம் அபிப்பிராயத்தைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஏலக்காரர்கள் ஜாடியை விற்றார்கள். நிபுணருக்கு விடை கொடுத்து அனுப்பினார்கள். அத்தனை பேரும் ஒரு பக்கம் இருக்க இவர் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் நின்றால் இவர் சொல்வது எப்படிச் சரியாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். பெரும்பான்மை ஓட்டு எடுத்து ஒரு ஜாடியின் வயதை நிர்ணயிக்கலாம் என்பது நமக்குப் புதிய செய்தியாகவே இருக்கிறது!

ஏலத்தில் கூவிய விலையே பத்திரம் அல்ல என்பதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 2010-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், லண்டனுக்கு மேற்கே ரைஸ்லிப் என்னும் இடத்தில், சியான்லுங் சக்கரவர்த்தி காலத்து ஜாடி ஒன்று 4 கோடியே 30 லட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. கூவியவர் பணம் கட்டவே இல்லை. 2013-ஆம் வருஷத்தில் அதே ஜாடி வேறொருவருக்குத் தனி முறையில் விற்கப்பட்டபோது கிடைத்த தொகை 2 கோடிக்கும் இரண்டரைக் கோடிக்கும் இடைப்பட்டது என்று சொன்னார்கள். அதே ஜாடிதான், அதில் ஒரு கோடுகூடக் கூடவோ குறையவோ இல்லை.

ஆகவே ஏலக்காரரின் சுத்தியலை விட்டுவிட்டு, ஜாடியே என்ன சொல்லுகிறது என்று கேட்போம். உயர்ந்த பூஜாடிகளில் சீனத்துப் பீங்கானைப் போல அதிகமாகச் சேர்க்கப்பட்டதும் வேறில்லை. அதிகமாகப் போலி செய்யப்பட்டதும் வேறில்லை. இந்த வாரம் அதைப் பற்றி மட்டும் பேசுவதாக உத்தேசம்.

கூடத்தில் நிற்கும் உயரமான ஜாடியைக் கண்டதும் நாம் முதலில் பார்ப்பது அதன் முகத்தை. சித்திரம் அழகா, நீலம் நீலமாக இருக்கிறதா, டிராகனின் நகங்கள் எத்தனை என்று பார்க்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் இவற்றையெல்லாம் ஒரு கணம் கண்ணோட்டம் விட்டுவிட்டு, ஜாடியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். போலி செய்பவன் தன் திறமையையெல்லாம் முகத்தில் கொட்டுவான். அடிப்பாகத்துக்கு வரும்போது பெரும்பாலும் கை ஓய்ந்துபோகும். ஆனால் கவிழ்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. உயர்ந்த ஜாடியைக் கழுத்தைப் பிடித்தோ காதைப் பிடித்தோ ஒருபோதும் தூக்கக்கூடாது. கழுத்து தனியாகச் செய்து ஒட்டியதாக இருக்கும். முன்பே உடைந்து ஒட்டியதாகவும் இருக்கலாம். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, தரையில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, ஒரு கையை அடியில் கொடுத்து இன்னொரு கையால் வயிற்றை அணைத்துக்கொண்டு, மெதுவாகப் படுக்க வைக்க வேண்டும். வீட்டிலுள்ள குழந்தைகளை அந்த நேரத்துக்குப் பாட்டியாரிடம் ஒப்புவித்துவிடுவது உத்தமம்.

அடியில் சாதாரணமாக ஆறு எழுத்துக்கள் தெரியும்; சிலவற்றில் நாலு. மேலிருந்து கீழாகவும் வலப்புறத்திலிருந்து இடப்புறமாகவும் அவற்றைப் படிக்க வேண்டும். "மகா மிங் வம்சத்து ஷுவாந்தெ ஆட்சியில் செய்தது" என்பதுபோல அவை பொருள்படும். ஷுவாந்தெ ஆண்டது 1426 முதல் 1435 வரையில். இதைப் படித்தவுடனே அறுநூறு வருஷத்துப் பொக்கிஷம் கையில் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடலாமா? கூடாது. சீன ஜாடியில் நம்பத் தகாத சாட்சி ஒன்று உண்டென்றால் அது இந்த எழுத்துத்தான். பிற்காலத்துக் குயவர்கள் முற்காலத்து ஆட்சிப் பெயர்களைத் தாராளமாக எழுதினார்கள். அதில் எல்லாமே மோசடி என்றும் சொல்ல முடியாது. முன்னோர்களின் வேலைப்பாட்டை மெச்சி, அதுபோல நாமும் செய்தோம் என்ற பணிவினாலும் எழுதினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் காங்ஷி சக்கரவர்த்தியின் பெயரைத் தாங்கி வெளிவந்த ஜாடிகள் ஏராளம். காங்ஷியோ 1722-ஆம் வருஷத்திலேயே காலமாகிவிட்டார்.

காங்ஷியின் காலத்திலேயே வேடிக்கையான சம்பவம் ஒன்று நடந்தது. பீங்கான் சூளைகளுக்குத் தலைநகரமாக விளங்கிய ஜிங்தெசென் நகரத்தின் அதிகாரி, 1677-ஆம் வருஷத்தில் ஓர் உத்தரவு போட்டார். பீங்கான்மீது சக்கரவர்த்தியின் ஆட்சிப் பெயரை எழுதக் கூடாது. பாத்திரம் உடைந்தால் அந்தத் திருநாமம் குப்பையில் விழுந்து காலில் மிதிபடுமே என்பது காரணம். எழுத்துள்ள காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இந்த மனப்பான்மை எளிதில் விளங்கும். உத்தரவின் பலன் என்னவென்றால், அக்காலத்து ஜாடிகள் பலவற்றின் அடியில் இரட்டை வட்டம் மட்டும் இருக்கும். உள்ளே எழுத்தே இராது. சிலவற்றில் ஓர் இலை இருக்கும். இன்னும் சிலவற்றில், இருநூறு வருஷம் முந்திய செங்ஹுவா மன்னருடைய பெயர் இருக்கும்! ஆக, வெறும் வட்டத்தோடு நிற்கும் ஜாடி உண்மையான காங்ஷியாக இருக்கலாம்; காங்ஷி என்று பெயர் எழுதிய ஜாடி அவருக்கு இருநூறு வருஷம் பிந்தியதாக இருக்கலாம்.

போலி செய்யும் கலை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. ஜிங்தெசென்னில் வசித்த தாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், பீங்கான் செய்யும் முறையை நேரில் விசாரித்து 1712-ஆம் வருஷத்திலும் 1722-ஆம் வருஷத்திலும் தம் தேசத்துக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். ஒரு பாத்திரம் முடிவதற்குள் எழுபது பேர் கையில் புகுந்து புறப்படுகிறது என்று கேள்விப்பட்டதாக அவற்றில் சொல்லுகிறார். புதிய ஜாடியைப் பழைய ஜாடியாக்கும் வித்தையையும் அவர் மறைக்கவில்லை. கோழியும் பிற மாமிசங்களும் போட்டுக் காய்ச்சிய கொழுப்பு மிகுந்த ரசத்தில் பாத்திரத்தைப் பக்குவம் செய்து, மறுபடி சூளையில் இட்டு, பிறகு ஊரிலேயே மிகவும் அழுக்கான சாக்கடையில் ஒரு மாதமோ அதற்கு மேலோ போட்டுவைப்பார்களாம். வெளியே வரும்போது அதற்கு முந்நூறு நானூறு வயது! இந்தப் பாத்திரங்களைத் தட்டினால் நல்ல நாதம் எழாது என்பதையும் பாதிரியார் கவனித்திருக்கிறார். சாக்கடையில் முழுகி எழுந்த அந்தப் போலிகளில் தப்பிப் பிழைத்தவைகளுக்கு இன்று உண்மையாகவே முந்நூறு வயது ஆகிவிட்டது. இப்போது அவற்றைப் போலி என்று தள்ளுவதா, பழம்பொருள் என்று கொள்ளுவதா என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

எழுத்தை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? அடிவளையத்தை நம்பலாம். ஜாடி தரையில் ஊன்றி நிற்கும் விளிம்புக்குத்தான் அடிவளையம் என்று பெயர். கண்ணாடி மெருகு பூசினால் சூளையில் ஒட்டிக்கொண்டுவிடும் என்பதற்காக, அந்த விளிம்பில் மட்டும் மெருகைத் துடைத்துவிடுவார்கள். ஆகையால் ஜாடியின் சொந்த மண் நம் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டும் இடம் அது ஒன்றுதான். 14, 15-ஆம் நூற்றாண்டுச் சரக்கில், மண்ணிலுள்ள இரும்புச் சத்து நெருப்பில் பட்டு அந்த விளிம்பு செம்மஞ்சளாகப் பூத்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் யுங்செங், சியான்லுங் சக்கரவர்த்திகளின் அரண்மனைச் சரக்கில் விளிம்பு வழவழவென்று உருண்டு, மாவு போன்ற வெண்மையாக இருக்கும். இதற்குச் சீனத்து ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'அயிரை முதுகு' என்பது. ஆம், நம் ஊர் ஆற்றில் துள்ளும் அயிரையின் இனந்தான். விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினால் மீன் முதுகைத் தடவுவதுபோல வழுக்க வேண்டும். அரைகுறைக் கத்தியால் செதுக்கிய போலியில் சொரசொரப்போ கூர்மையோ தட்டுப்படும்.

பழைய ஜாடி எத்தனையோ மேஜைகளில் எத்தனையோ முறை இழுபட்டிருக்கும். ஆகவே தரையைத் தொடும் இடத்தில் மட்டும், பல திசைகளிலும் ஓடும் மெல்லிய கீறல்கள் காணும். அழுக்கும் அவற்றினுள் ஊறியிருக்கும். உப்புக்காகிதத்தால் தேய்த்து வயதாக்கிய ஜாடியிலோ கீறல்கள் ஒரே போக்கில் வரிசையாக நிற்கும். தரையைத் தொடவே முடியாத குழிவான பாகத்தில்கூடத் தேய்ந்திருக்கும். சாயத் தண்ணீரில் ஊறவைத்த அழுக்கு ஈரத் துணிக்கே வந்துவிடுவதும் உண்டு.

உயரமான ஜாடிக்கென்று விசேஷமான சாட்சி இன்னொன்று இருக்கிறது. இதைச் சிறிய கிண்ணங்களிலும் தட்டுகளிலும் காண முடியாது. இரண்டடி, மூன்றடி உயரமுள்ள ஜாடியைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் இழுத்துவிட முடியாது. பீங்கான் மண், நம் ஊர்க் குயவர் கையாளும் களிமண்ணைப் போல இழுத்த இழுப்புக்கு வருவதன்று. உயரம் ஏற ஏறத் தன் பாரத்தாலேயே சரிந்துவிடும். ஆகவே அடிப்பாகம், வயிறு, தோள், கழுத்து என்று இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து, சற்று உலரவிட்டு, குழைத்த மண்ணால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார்கள். வெளிப்புறத்தைச் செதுக்கி மெருகு பூசிவிடுவதால் ஒட்டு கண்ணுக்குத் தெரிவது அருமை. உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். வாய் அகலமாக இருந்தால் கையை மெதுவாக உள்ளே விட்டுத் தடவலாம். குறுகலாக இருந்தால் சிறிய விளக்கு ஒன்றை நூலில் கட்டி இறக்கிப் பார்க்கலாம். இடுப்பிலோ தோளிலோ, சுற்றிலும் ஒரு வரம்பு தட்டுப்படும். வெளிப்புறத்திலும் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் பார்த்தால் லேசான புடைப்பு ஓடுவது தெரியலாம். இது குறை அல்ல, கைவேலையின் தழும்பு.

இந்தக் காலத்துத் தொழிற்சாலை ஜாடி வேறு வகை. கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி வார்ப்பது அது. உள்ளே ஒட்டும் இராது, சக்கரத்தின் வரிகளும் இரா, ஒரே வழவழப்பு. வெளியே மேடாக இருக்கும் இடத்தில் உள்ளே பள்ளமாகவும், வெளியே பள்ளமான இடத்தில் உள்ளே மேடாகவும் அப்படியே தொடரும். சில சமயம் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு மேலிருந்து கீழாக ஓடும். பழைய ஒட்டு குறுக்கே ஓடுவது, புதிய கோடு நெடுக ஓடுவது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பாதிப் போலிகள் வாசலிலேயே நின்றுவிடும். மற்றப் பாதியை அவ்வளவு எளிதில் நிறுத்திவிட முடியாது. இன்றைக்கும் ஜிங்தெசென்னில் பழைய முறையிலேயே துண்டு துண்டாகச் செய்து ஒட்டக்கூடிய கைகள் இருக்கின்றன.

நிறங்களும் பேசும். பழைய நீலத்துக்கு மூலம் கோபால்ட் என்னும் உலோகம். 14-ஆம் நூற்றாண்டிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரசீகத்துப் பக்கத்திலிருந்து வந்த கோபால்ட்டை உபயோகித்தார்கள். அதில் இரும்பு அதிகம். ஆகையால் தூரிகை தங்கிய இடங்களில் கறுப்பான புள்ளிகள் திரண்டு, மெருகுக்குள்ளேயே அமிழ்ந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள் இந்தப் பழைய நீலத்தைப் பார்த்துச் செய்ய ஆசைப்பட்டபோது, அவர்களிடம் இருந்த கோபால்ட்டில் அந்தக் குணம் வரவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தூரிகை நுனியால் ஒவ்வொரு புள்ளியாகத் தாங்களே வைத்தார்கள்! பார்த்தவுடன் ஏமாற்றும், உற்றுப் பார்த்தால், நெருப்பு தாறுமாறாகத் தெளித்த புள்ளிக்கும் மனிதன் ஒழுங்காக வைத்த புள்ளிக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ரோஜா நிறம் இன்னும் கண்டிப்பான சாட்சி. தங்கத்திலிருந்து எடுக்கும் அந்த வர்ணம் சீனப் பீங்கானில் புகுந்தது ஏறக்குறைய 1720-ஆம் வருஷத்தை ஒட்டி. ஆகவே ரோஜா நிறத்தில் பூத்துக் குலுங்கும் ஜாடியின் அடியில் மிங் வம்சத்து மன்னர் பெயர் இருந்தால், விவாதத்துக்கு இடமே இல்லை. மிங் வம்சம் 1644-இல் முடிந்துவிட்டது.

சீன எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட ஓர் எளிய தடயம் உண்டு. அடியில் 'சைனா' என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தால், அது பெரும்பாலும் 1891-ஆம் வருஷத்துக்குப் பிந்திய ஏற்றுமதிச் சரக்கு. வெளிநாட்டுச் சாமானில் பிறந்த நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா 1890-ஆம் வருஷத்தில் இயற்றிய சுங்கச் சட்டமே இதற்குக் காரணம். ஜப்பானிய ஜாடிகளில் 1921 வரையில் 'நிப்பன்' என்றும் பிறகு 'ஜப்பான்' என்றும் காண்பது இதனால்தான். பெயர் இல்லாததனால் மட்டும் ஜாடி பழையதாகிவிடாது. காகிதத் துண்டில் எழுதி ஒட்டியிருக்கலாம். அல்லது யாரோ ஒரு கெட்டிக்காரர் அரத்தால் ராவி எடுத்திருக்கலாம். ராவிய இடத்தில் மெருகு மங்கி நிற்கும்.

பழையதுதான் என்று தீர்ந்த பிறகும் அது முழுசா என்று கேட்க வேண்டும். உயர்ந்த ஜாடிக்கு எமன் கழுத்தில் இருக்கிறான். வாய் உடைந்துபோனால், உடைந்தவரை சமமாகத் தேய்த்து, பித்தளைப் பூண் ஒன்றை மாட்டிவிடுவது பழைய வழக்கம். பார்க்க அலங்காரமாகவே இருக்கும். ஜாடியின் உயரத்துக்கும் தோளுக்கும் பொருத்தமில்லாமல் கழுத்து குட்டையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மேல்நாடுகளில் மின்சார விளக்குத் தண்டாக்குவதற்காக அடியில் துளையிட்ட அருமையான ஜாடிகள் எத்தனையோ. அந்த அநியாயத்தைச் செய்தவர்கள் தங்களை ரசிகர்கள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்! விரிசலை மறைத்து மேலே வர்ணம் பூசியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பீங்கான் குளிர்ந்திருக்க, பூசிய இடம் மட்டும் விரலுக்குச் சற்றுக் கதகதப்பாகவும் மிருதுவாகவும் படும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் அந்த இடம் வேறு நிறத்தில் தெரியும். விரல் கணுவால் மெல்லத் தட்டினால் முழு ஜாடி மணிபோல ஒலிக்கும்; விரிசல் கண்டது 'டொக்' என்னும். இந்தக் கடைசிப் பரீட்சைக்கு நம் பெண்மணிகளுக்குப் பயிற்சி தேவையில்லை; பானை வாங்கும்போது தினம் செய்ததுதானே?

சுட்ட மண் எவ்வளவு காலமாகச் சூடு காணாமல் இருக்கிறது என்பதை, அடியிலிருந்து துளி மண் துளைத்தெடுத்து, அது காய்ச்சும்போது வெளியிடும் ஒளியை அளந்து சொல்லும் விஞ்ஞான முறையும் இருக்கிறது. எக்ஸ்ரே போன்ற கதிர்களைப் பாய்ச்சி அதையும் ஏமாற்றலாம் என்று போலிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகையால் விஞ்ஞானியின் சீட்டும் பல சாட்சிகளில் ஒன்றே.

ஒரு ஜாடிக்கு நல்ல ஜாதகம் எது என்றால், அது யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற தொடர்ச்சிதான். இதற்கு ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரத்து ஜாடிகளைச் சொல்ல வேண்டும். சாக்ஸனி மன்னர் அகஸ்டஸுக்குப் பீங்கான்மேல் பித்து. பிரஷ்யா மன்னர் பிரெடரிக் வில்லியத்துக்குப் பட்டாளத்தின்மேல் பித்து. 1717-ஆம் வருஷத்தில் இருவரும் ஒரு பேரம் முடித்தார்கள். அகஸ்டஸ் தம் சிப்பாய்களில் 600 பேரைக் கொடுத்தார்; பதிலுக்கு 151 சீனப் பீங்கான்களை வாங்கிக்கொண்டார். அதாவது பீங்கான் ஒன்றுக்கு மனிதர் நால்வர் வீதம். அவற்றில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள நீலவெள்ளை மூடிஜாடிகளுக்குக் குதிரைப் பட்டாளத்தின் பெயராலேயே 'டிரகூன் ஜாடிகள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த 600 பேருடைய பெண்டு பிள்ளைகள் இந்த ஜாடிகளை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்பதைப் பற்றி எந்தக் காட்டலாக்கிலும் ஒரு வரி கிடையாது. அது நிற்க, 1721-ஆம் வருஷம் முதல் அகஸ்டஸின் பீங்கான்களுக்குப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றின்மீதும் எண் பொறித்தார்கள். அந்த எண்ணுள்ள ஜாடி, தான் 1721-ஐ ஒட்டி எங்கே இருந்தது என்பதற்குத் தானே ருஜு. நம் வீடுகளிலும் ஜாடியோடு வந்த பழைய ரசீதோ, அது மூலையில் நிற்கும் கல்யாணப் போட்டோவோ இருந்தால், குப்பை என்று எறிந்துவிட வேண்டாம். வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 100 வருஷத்துக்குக் குறையாத பழம்பொருளைத் தனிப்பட்டவர்கள் தேசத்தைவிட்டு அனுப்புவதை 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது.

சொந்தமாக வாங்கித்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஹைதராபாத்தில் ஸாலார் ஜங் மியூஸியத்தில் சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. உடைந்த ஓடு முழு ஜாடியைவிடச் சிறந்த வாத்தியார் என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணின் உட்புறத்தையும் மெருகின் கனத்தையும் அது ஒளிக்காமல் காட்டும். ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினம் என்னும் ஊரில் நடந்த அகழ்வுகளில், 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்த நாளில் சீனத்துக் கப்பல் சரக்கு நம் பாண்டிக் கரையில் இறங்கியதற்கு அவையே அத்தாட்சி.

அந்த 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு உயர்ந்த ஜாடிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வரவில்லை. 'டேவிட் ஜாடிகள்' என்று உலகம் அவற்றை அழைக்கிறது. வாங்கிச் சேர்த்த ஸர் பெர்ஸிவல் டேவிட் 1892-ஆம் வருஷத்தில் நம் பம்பாயில் பிறந்தவர். இரண்டும் பிரிந்து வெவ்வேறு கைகளில் இருந்தன. ஒன்றை ஒருவரிடமிருந்தும், மற்றதை 1935-ஆம் வருஷத்து ஏலத்திலும் வாங்கி ஜோடி சேர்த்தார். ஒவ்வொன்றும் இரண்டடிக்குமேல் உயரம். 63 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். உடலில் டிராகன், அதன்மேல் பறவை, கழுத்தில் வாழையிலைகள், இருபுறமும் யானைத்தலைப் பிடிகள். வாழையிலைகளின் நடுவே நீலத்தில் ஒரு வாசகம். 1351-ஆம் வருஷம் நாலாம் மாதத்தில், சாங் வென்ஜின் என்னும் பக்தர் ஒருவர், தம் குடும்பம் முழுவதும் காப்பாற்றப்படவும் பிள்ளைகளும் பெண்களும் சுகமாக இருக்கவும் வேண்டிக்கொண்டு, ஒரு கோயிலுக்குத் தூபக்கலசம் ஒன்றும் பூஜாடி ஒரு ஜோடியும் சமர்ப்பித்ததாக அது சொல்லுகிறது.

எழுத்தை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு இந்த எழுத்தை மட்டும் நாம் நம்புவானேன்? அறிஞர்களும் அவ்வளவு சுலபத்தில் நம்பிவிடவில்லை. பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்த ஹாப்ஸன் இந்த வாசகத்தைப் பற்றி 1929-ஆம் வருஷத்தில் எழுதினார். இவ்வளவு தேர்ச்சியான நீலவெள்ளை வேலை 14-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என்பதை நிலைநாட்ட அந்த ஒரு வாசகம் போதவில்லை. 1950-க்குப் பிறகு, ஜான் போப் என்ற அமெரிக்க அறிஞர், இஸ்தான்புல் அரண்மனையிலும் பாரசீகத்து அர்தபீல் தர்காவிலும் சேர்ந்திருந்த பீங்கான்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்த ஜாடிகளோடு ஒப்பிட்டார். இலை வளைவு, அலை, நீலத்தின் சாயல் எல்லாம் ஒத்துப்போகும் ஒரு பெரிய குடும்பமே வெளிப்பட்டது. அந்தச் சாட்சிகள் ஒன்றுகூடி ஆமோதித்த பிறகுதான் அந்த வாசகத்துக்கு முழு மரியாதை கிடைத்தது. இன்று 14-ஆம் நூற்றாண்டு நீலவெள்ளைப் பீங்கான் எதை நிதானிப்பதானாலும் இந்த ஜோடியே உரைகல். 2009-ஆம் வருஷம் முதல் அவை பிரிட்டிஷ் மியூஸியத்தில் காட்சிக்கு இருக்கின்றன.

தூபக்கலசமும் பூஜாடி ஜோடியும் சேர்த்துக் காணிக்கை செலுத்தும் அந்தச் சீன வழக்கத்தின் சாயலை நமக்கு மிக அருகிலேயே பார்க்கலாம். இலங்கையில் காலி நகரத்தில் 1911-ஆம் வருஷத்தில் ஒரு கல்வெட்டு அகப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று பாஷைகளில் பொறித்த கல் அது. இப்போது கொழும்பு மியூஸியத்தில் இருக்கிறது. கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த அந்தக் கல்லில், 1409-ஆம் வருஷத்துச் சீன வாசகம் புத்தருக்கு அளித்த காணிக்கைகளை வரிசையாகச் சொல்லுகிறது. தமிழ் வாசகம் தேனவரை நாயனாருக்கு அளித்தவைகளைச் சொல்லுகிறது. சீன வாசகத்தின் பட்டியலில் தூபக்கலசங்களும், பீடத்தோடு கூடிய செப்புப் பூஜாடிகள் ஐந்து ஜோடியும் இருக்கின்றன. அவை என்ன ஆயின என்று கல் சொல்லவில்லை.

சாங் வென்ஜின் கோயிலுக்குக் கொடுத்த மூன்றில் இரண்டு லண்டனில் நிற்கின்றன. யானைத்தலைகளில் தொங்கிய வளையங்கள் போய்விட்டன. தூபக்கலசம் இதுவரையில் யார் கண்ணிலும் படவில்லை.